மாமா துடைத்த சில்லுகள்

என் மாமனார் நாகேந்திரத்துக்கு அழுக்கு என்றால் சொந்தப் பகை. வயது எழுபத்தொன்று. முப்பத்தேழு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனிக்குச் சாமான் சரிபார்க்கும் கிளாக்கராக இருந்தவர். காலையில் வெள்ளைச் சேர்ட்டோடு போய், பின்னேரமும் வெள்ளைச் சேர்ட்டோடே திரும்பி வந்த ஒரே ஆள் அங்கே தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். நம்பலாம். எங்கள் வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் குடியிருந்தது கொட்டாஞ்சேனையில். அங்கே கோயிலில் வியாழக்கிழமை தோறும் விளக்குத் துலக்குவது அவருடைய தொண்டு. வெள்ளவத்தைக்கு எங்களோடு வந்து பதினொரு வருடமாகியும் அதை விடவில்லை. பஸ் பிடித்துப் போய்த் துலக்கிவிட்டு வருவார். அந்தக் கைக்கு நல்ல பெயர் இருந்தது. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் பித்தளை மூன்று நாளில் கறுத்துவிடும். மாமா துலக்கினால் மூன்று கிழமைக்கு மின்னும். புளியைக் கரைத்துத் தேய்ப்பார், கழுவுவார், வெயிலில் காயவைப்பார். கடைசியில் பழைய வேட்டித் துண்டில் நல்லெண்ணெயைத் தொட்டுக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பார். அதற்குப் பிறகு உப்பும் காற்றும் பித்தளையைத் தீண்டாது. எங்கள் தொடர்மாடியில் பாதி வீட்டுக் குத்துவிளக்குகள் அவர் கையால்தான் துலங்கின. இரண்டாம் மாடி டொக்டர் வீட்டு விளக்கும் அதில் அடக்கம்.

இப்படிப்பட்ட மனிதரின் கண்ணில் ஒரு நாள் எங்கள் காரின் முன்சில்லுகள் பட்டுவிட்டன.

பழைய ஜப்பான் கார். வெள்ளை நிறம், நாலு சக்கரத்துக்கும் வெள்ளி நிறச் சில்லுகள். வாங்கி இரண்டாம் நாளே முன்சில்லு இரண்டும் அடுப்புக்குள் இருந்து எடுத்தவை போலக் கறுத்திருந்தன. மாமா துடைத்தார். மறுபடி இரண்டு நாளில் அதே கரி. பின்சில்லுகளில் அவ்வளவு இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று காவலாளியைக் கூட விசாரித்தார். கடைசியில் கொட்டாஞ்சேனைக்கு சேர்விஸுக்குப் போகும்போது என்னோடு தானும் ஏறிக்கொண்டார்.

கராஜ்காரன் ரிப்கான் எங்களுக்குப் புதியவன் இல்லை. மாமா கொட்டாஞ்சேனையில் இருந்தபோது அடுத்த வீட்டுப் பையன். மாமா வீட்டு யன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டுத் தானே வந்து ஒப்புக்கொண்டவன். இன்று முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள், சொந்தக் கராஜ்.

"இந்தக் கரி எங்கயிருந்தடா வருது? காலி வீதியில அவ்வளவு ஊத்தையோ?" என்றார் மாமா.

"ரோட்டு ஊத்த இல்ல அங்கிள். பிரேக் தூள்." சில்லின் கால்களுக்கு நடுவே உள்ளே தெரிந்த பளபளப்பான இரும்புத் தட்டை ரிப்கான் விரலால் காட்டினான். "இதான் டிஸ்க். நீங்க பெடல மிதிச்சா ரெண்டு பக்கத்தாலயும் பேட் வந்து இந்தத் தட்ட இறுக்கிப் புடிக்கும். அந்த உரசல்லதான் வண்டி நிக்கிது. உரச உரச ரெண்டும் தேயும். அந்தத் தூள்தான் இந்தக் கரி."

மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப ஒவ்வொருக்கா நிக்கேக்கையும் இந்த வாகனம் தன்னைத்தானே அரைச்சுக் கொட்டுதோ?"

"எல்லா வண்டியும் அப்பிடித்தான் அங்கிள்."

"எங்கட பிள்ளை இதையெல்லோ மூச்சில எடுக்குது!"

பிள்ளை என்றது என் மகள் ஆரணியை. ஏழு வயது. மாமாவின் உலகம் சுற்றுவதே அவளைச் சுற்றித்தான். ரிப்கான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். காய்ந்த புரஷால் தட்டக் கூடாது, தூள் மூக்குக்குள் போகும். ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. சில்லு ஆறிய பிறகு நனைத்து, கார் ஷம்பூ போட்டு, மெதுவான புரஷால் கழுவினால் போதும். மாமா துறைமுகத்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலைகள் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு காட்சியாகிவிட்டன. இரண்டு வாளி, மூன்று துணி, பழைய பல் புரஷ், மூக்கைச் சுற்றிக் கைலேஞ்சி. ஒரு சில்லுக்கு முக்கால் மணித்தியாலம். எனக்கு எரிச்சல் வரும். ஞாயிறு வெளியில் போய் வந்தால் திரும்பக் கறுக்கப் போகிற சாமானுக்கு இவ்வளவு பாடா? ஆனால் ஆரணி பக்கத்தில் இருந்து கதை கேட்பாள், மாமி ஜெகதீஸ்வரிக்கு வீட்டுக்குள் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான் மிச்சம் இருந்தது. சில்லைக் கழுவிய மறுநாள் உள்ளே இருக்கும் அந்த இரும்புத் தட்டில் செம்மஞ்சளாகத் துருப் படியும். கடற்காற்றுக்கு நனைந்த இரும்பு வேறு என்ன செய்யும்?

"அது ஒரு பிரேக்கோட போயிடும் மாமா. விடுங்கோ," என்றேன்.

"துரு துருதானே தம்பி," என்றார். அதை அவர் விடப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

போன வருடம் நவராத்திரி நடுவில் ரிப்கான் முன்பக்கத்துக்குப் புதுப் பேட் போட்டுத் தந்தான். நாலாம் நாள் ஆயுத பூசை. நான் கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் முடிந்து வர ஆறு மணியாகிவிட்டது. கீழ்த்தளத்தில் சின்னக் கூட்டம். எங்கள் காருக்குச் சந்தனப் பொட்டு, செவ்வரத்தம்பூ மாலை, நாலு சில்லுக்கடியிலும் எலுமிச்சம்பழம். அதெல்லாம் வழக்கமானது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது சில்லுகளை. வெளிச்சில்லு மட்டுமல்ல, உள்ளே இருந்த இரும்புத் தட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. துருவும் இல்லை, கரியும் இல்லை.

"மாமா, விளக்கு மாதிரி இருக்கு!" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான். என் வாயால் சொன்னேன். படம் எடுத்துத் தொடர்மாடிக் குழுவிலும் போட்டேன். மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அடுத்த நாள் விஜயதசமி. ஆரணிக்கு வயலின் தொடங்க நல்ல நாள். ஏழு மணிக்கு முன் வரச் சொல்லியிருந்தார் பம்பலப்பிட்டி டீச்சர். சுபோதினி, என் மனைவி, கார் ஓட்டினாள். நான் பக்கத்தில். ஆரணி பின்னால் புது வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. மாமா கேற்றடியில் நின்று கை காட்டினார். மெதுவாக உருண்டு வெளியே வந்த காருக்குப் பெரிதாகப் பிரேக் தேவைப்படவில்லை.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்குகிறது. முடிவில் மரைன் டிரைவ். அதற்கு அந்தப் பக்கம் நடைபாதை, பிறகு தண்டவாளம், பிறகு கடல். இறக்கம் என்று சொல்ல முடியாத இறக்கம்தான். ஆனால் கார் அதை அறியும்.

மரைன் டிரைவுக்கு முப்பது யார் தூரம் இருக்கும்போது சுபோதினி பெடலை மிதித்தாள். கார் போய்க்கொண்டிருந்தது.

"லவன், பிடிக்குதில்லை."

"என்ன?"

"பிரேக் பிடிக்குதில்லை!"

அவள் இருக்கையில் இருந்து எழும்பி நிற்கிற மாதிரி மிதித்தாள். பெடல் கல்லுப் போல இறுக்கமாக இருந்ததாம். கீழே போகவில்லை, காரும் நிற்கவில்லை. ஒரு சத்தம் கூட வரவில்லை. நான் ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்சில்லுகள் கத்தின. கார் வேகம் குறைந்தும் நிற்காமல் மரைன் டிரைவைக் குறுக்கே கடந்தது. இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூட வேனின் ஹோர்ன். வலப்பக்கம் என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை. நடைபாதைக் கல்லில் முன்சில்லுகள் மோதி ஏறி, எங்களை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுக் கார் நின்றது.

கண்ணாடிக்கு நேர் முன்னால் பாணந்துறைப் பக்கத்தில் இருந்து வந்த காலைக் கோச்சி தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது. கதவுகளில் தொங்கிக்கொண்டு வந்த மனிதர்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்களும் எங்களைப் பார்த்தார்கள்.

"அப்பா, வயலினுக்கு ஒண்டும் ஆகேல்ல," என்றாள் ஆரணி. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஒழுங்கையால் ஓடி வந்தவர்கள் யாரோ மாமாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் நடந்து வீட்டுக்கு வரும்போது கேற்றடியில் வைத்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். எங்கே நின்றது, எப்படி நின்றது என்று எதையும் கேட்கவில்லை. ரிப்கானுக்குத்தான் போன் எடுத்தார்.

"நாலு நாளைக்கு முதல் பேட் போட்டனியெல்லோ? என்ர பேத்தியக் கொல்லப் பாத்தியோடா? உன்னை நான் பொலிசில குடுக்காமல் விடமாட்டன்!"

அந்தப் பக்கம் ரிப்கான் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்க மனமில்லை. ஒரு கரியர் லொறி பிடித்துக் காரை ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போனேன். கராஜில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பேட்டைப் பிழையாகப் போட்டாயா, போலிச் சாமான் போட்டாயா, உனக்குப் பிள்ளைகள் இல்லையா என்றெல்லாம் கேட்டேன். இரண்டு பேர் தங்கள் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரிப்கானின் முகம் வெளுத்திருந்தது. "கழட்டிப் பாப்பம் சேர்," என்று மட்டும் சொன்னான்.

இடப்பக்கச் சில்லைக் கழற்றினான். இரும்புத் தட்டைக் குனிந்து பார்த்தான். பார்த்தபடியே நின்றான். பிறகு சுட்டுவிரலால் அதை ஒருமுறை தடவி மூக்கருகில் கொண்டுபோனான். அவன் நெற்றி சுருங்கியது. விரலை என் பக்கம் நீட்டினான்.

"மணந்து பாருங்கொ சேர்."

மணந்தேன். எங்கள் சாமி அறை மணந்தது. நல்லெண்ணெய்.

எனக்குத் தலைக்குள் எல்லாம் நின்றுவிட்டது. கராஜின் சத்தம், வீதியின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றைய படம் கண் முன்னால் வந்தது. கண்ணாடி மாதிரி மின்னிய அந்தத் தட்டு. விளக்கு மாதிரி இருக்கு என்ற என் சொந்தக் குரல்.

"பேட் முழுக்க எண்ணெயக் குடிச்சீக்கி," என்றான் ரிப்கான், மிகவும் தாழ்ந்த குரலில். "வழுக்கிற தட்ட எப்பிடிப் புடிக்கிற? இது வேல தெரிஞ்ச கை சேர். சில்லுக் கால்களுக்குள்ளால கைய விட்டு, சில்லச் சுத்திச் சுத்திப் பூசி, ஒரு இடம் விடல்ல." வியாழக்கிழமைகளில் கோயில் விளக்குகள் வெயிலில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். "அங்கிளுக்குச் சொல்லாதீங்கொ. தாங்க மாட்டார். எனக்கு ஏசினா ஏசிட்டுப் போகட்டும்."

"அவர் பொலிசுக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறார் ரிப்கான்."

"எண்ணெ பூசாதீங்கொ என்டு நான் சொல்லல்லயே. அப்பிடி ஒத்தர் பூசுவார் என்டு எனக்குத் தோணவே இல்ல."

அரை மணித்தியாலத்துக்கு முதல் நான் அத்தனை பேருக்கு முன்னால் கேவலப்படுத்திய மனிதன், என் மாமனாருக்காகத் தன் பெயரை விட்டுக் கொடுக்கிறான். எனக்கு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க அந்த இரண்டு பேரும் இப்போது அங்கே இல்லை.

வீட்டில் சுபோதினியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் இருக்கமாட்டார்," என்றாள். அவளைக் கொல்லப் பார்த்த எண்ணெய்க்கு அவளே காவல். நானும் ஓம் என்றேன். ரிப்கானே சரி என்று விட்டான், இவளும் விடச் சொல்கிறாள், நான் எதற்கு ஒரு கிழவரை உடைக்க வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் பின்னேரம் நாலு மணி வரைதான். மாமா மேசையில் இருந்து எழும்பி வந்து ஒரு கடதாசியை என்னிடம் நீட்டினார். பொலிசுக்கு முறைப்பாடு. துறைமுகத்துக் கையெழுத்து, ஒரு வெட்டுக்கூட இல்லை. 'மூன்று உயிர்களுக்கு ஆபத்து விளைவித்த மேற்படி ரிப்கான் என்பவர்' என்று எழுதியிருந்தது.

"வாசிச்சுப் பிழை இருந்தால் சொல்லும் தம்பி. நாளைக்குக் காலமை குடுப்பம்."

அவருக்குப் பின்னால் சுபோதினி நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் கடதாசியைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளின் தகப்பனின் பெயர் அங்கே அவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தது.

"ஒரு பிழை இருக்கு மாமா," என்றேன்.

சொன்னேன். தட்டு, எண்ணெய், பேட், மணம், கராஜை விட்டுப் போன அந்த இரண்டு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்து நிறம் இறங்கிக்கொண்டே போனது. மாமி வந்து அவருடைய தோளைப் பிடித்தார். மாமா அது கூடத் தெரியாதவர் போல இருந்தார்.

"துருப் பிடிக்கக் கூடாதெண்டுதான்..." என்று தொடங்கினார். வசனம் முடியவில்லை. தன் வலது கையை விரித்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். கடதாசியில் ரிப்கான் என்ற பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அதற்கு மேலே 'நாகேந்திரம்' என்று எழுதினார். கீழே கையெழுத்து வைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. நாங்களும்தான்.

காலையில் கொட்டாஞ்சேனைக்கு நான் கூப்பிடாமலே வந்தார். வெள்ளைச் சேர்ட். கராஜில் அன்றைக்கும் மூன்று பேர் இருந்தார்கள். மாமா நடுவில் போய் நின்று அந்தக் கடதாசியைச் சத்தமாக வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் குரல் இன்னும் உயர்ந்தது. வாசித்து முடித்து ரிப்கானிடம் கொடுத்தார்.

"இதை இங்க சுவரில ஒட்டு. நேற்றுப் போன ரெண்டு பேரும் வந்தால் வாசிக்கட்டும்."

"அங்கிள், விடுங்கொ அங்கிள்..."

"கண்ணாடிய உடைச்சிட்டு நீ வந்து சொன்னனியெல்லோ? அப்ப நான் விட்டனானோ? ரெண்டு நாள் முற்றம் கூட்ட வைச்சனான். ஒட்டு."

ரிப்கான் ஒட்டவில்லை. நாலாக மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. புதுப் பேட் போட்டு, தட்டுகளை நன்றாகக் கழுவித் துடைத்து, தானே தெருவில் பத்துத் தரம் ஓடி நிறுத்திக் காட்டினான்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஒழுங்கைக்குள் திரும்பியதும் வீட்டுக் கேற்றடியில் வேகத்தைக் குறைத்தேன்.

"நிப்பாட்டாதேயும். கீழ போம்," என்றார் மாமா.

மரைன் டிரைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். கார் அந்த இடத்திலேயே நின்றது. மாமா கதவைத் திறந்து இறங்கினார். வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போனார். நடைபாதைக் கல்லில் எங்கள் முன்சில்லு மோதிய கறுப்பு அடையாளம் இன்னும் இருந்தது. அதில் இருந்து தண்டவாளம் வரைக்கும் அடி வைத்து நடந்தார். ஐந்தாவது அடி வைக்க இடம் இருக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இவ்வளவு கிட்டவோ?" என்றார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. இவ்வளவு கிட்டவோ, லவன்?"

திரும்பி வந்து அந்தக் கல்லில் குந்தியிருந்து, வெள்ளைச் சேர்ட்டோடு, வாய்விட்டு அழுதார். என் மாமனார் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நானும் குந்தினேன்.

இப்போது எங்கள் காரின் முன்சில்லுகளைப் பார்த்தால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை நான் தண்ணீரும் ஷம்பூவும் போட்டுக் கழுவுகிறேன். அதற்கும் அவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. கழுவிய நாளில் பிள்ளையை ஏற்ற விடமாட்டார். முதலில் நான் தனியாக ஓடிப் பிரேக் பிடித்துவிட்டு வரவேண்டும்.

பள்ளிக்கூட நாட்களில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு மாமா கீழே வந்து நிற்பார். கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்க்கிற அதே மனிதர், முன்சில்லுக்கு முன்னால் முழங்காலில் குந்தி, வெறும் விரலால் உள்ளே ஒரு தடவு தடவுவார். விரல் கறுப்பாக வந்தால் அதை எனக்குத் தூக்கிக் காட்டுவார்.

"பிரேக் பிடிச்சிருக்கு. பிள்ளை, ஏறு."

ஆரணி அதற்குப் பிறகுதான் ஏறுவாள். கார் ஒழுங்கையின் அடியில் போய் நிற்கும் வரைக்கும், அந்தக் கரி விரலைத் துடைக்காமல், அவர் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.